ஆறு குழு கைனெடிக்ஸ் கணக்கில் நியூட்ரான் அளவு மைனஸில் போகிறது: காலப்படியா, சமன்பாடா?

கேள்வி: நிரல்வழி

உலை மையத்தில் ரியாக்டிவிட்டி (தொடர்வினை சமநிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு) சற்றே கூடினால் நியூட்ரான் அளவு எப்படி ஏறும் என்று பார்க்க பைத்தானில் ஒரு சின்ன நிரல். மையம் முழுவதையும் ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்ளும் பாயிண்ட் கைனெடிக்ஸ்தான். தாமத நியூட்ரான்களுக்கு (பிளவில் பிறந்த முன்னோடிக் கருக்கள் சிதைந்து சற்றுப் பின்னால் தருபவை) ஆறு குழு.

குறியீடுகள்: நி = நியூட்ரான் அளவு (தொடக்கத்தில் 1), மு[க] = க-ஆம் குழுவின் முன்னோடிக் கருக்கள், சி[க] = அவற்றின் சிதைவு மாறிலி, பீ[க] = அந்தக் குழுவின் தாமதப் பங்கு, பீ = மொத்தம், த = நியூட்ரான் தலைமுறை நேரம், ரோ = ரியாக்டிவிட்டி, ப = காலப்படி.

நி மாறும் வேகம் = ((ரோ − பீ) ÷ த) × நி + கூட்டல்(சி[க] × மு[க])
மு[க] மாறும் வேகம் = (பீ[க] ÷ த) × நி − சி[க] × மு[க]

எண்கள்:
சி: 0.0127, 0.0317, 0.115, 0.311, 1.40, 3.87 (ஒரு விநாடிக்கு)
பீ: 0.000266, 0.001491, 0.001316, 0.002849, 0.000896, 0.000182 (மொத்தம் 0.007)
த: 0.00002 விநாடி

தொடக்க நொடியில் ரோவை 0-இலிருந்து 0.001-க்கு உயர்த்துகிறேன். சாதாரண ஆய்லர் முறை, அதாவது பழைய மதிப்போடு வேகம் × ப கூட்டுவது. ப = 0.01 விநாடி. விடை 1, 1.5, 0.5, 2.51, −1.5, 6.5 என்று போகிறது. நியூட்ரான் எண்ணிக்கை மைனஸ் ஆகவே முடியாதே!

ப-வை 0.001 ஆக்கினால் சரியாக வருகிறது. ஆனால் அடுத்து செனானையும் (நியூட்ரானை விழுங்கும் பிளவுப் பொருள்) சேர்த்துப் பல மணி நேரம் ஓட்ட வேண்டும். 1 மணிக்கே 36 லட்சம் படி. படியைச் சிறிதாக்குவதைத் தவிர வேறு வழி உண்டா? கிடைத்த விடை சரிதான் என்று எதை வைத்துச் சோதிப்பது?


பதில்: அரை_ஆயுள்

சமன்பாட்டில் தவறில்லை. காலப்படிதான் காரணம். அது ஏன் இவ்வளவு ஒழுங்காகக் கெடுகிறது என்பதை உங்கள் எண்களே சொல்கின்றன.

(0.001 − 0.007) ÷ 0.00002 = −300. உடனடி நியூட்ரான்கள் (பிளவின் கணத்திலேயே பிறப்பவை) தம் சமநிலையிலிருந்து எவ்வளவு விலகினாலும் அந்த விலகல் 300-இல் 1 பங்கு விநாடியில், அதாவது 3.3 மில்லி விநாடியில், பெரும்பாலும் கரைந்துவிடும் என்பது இதன் பொருள். முன்னோக்கு ஆய்லரில் ஒரு படி போனால் அந்த விலகல் 1 + (−300 × 0.01) = −2 மடங்காகிறது. குறி மாறுகிறது, அளவு இரட்டிக்கிறது.

உங்கள் எண்களோடு பொருத்திப் பாருங்கள். முன்னோடிகள் இன்னும் அசையாத நிலையில் நி போய் நிற்க வேண்டிய இடம் 0.007 ÷ (0.007 − 0.001) = 1.167. தொடங்கும்போது அதற்கு 0.167 கீழே இருக்கிறீர்கள். அடுத்த படியில் 0.333 மேலே, அதாவது 1.5. அதற்கடுத்து 0.667 கீழே, 0.5. பிறகு 1.333 மேலே, 2.5. முன்னோடிகளின் சிறு மாற்றம் சேர்ந்து 2.51 ஆகியிருக்கிறது. நிரலில் வேறு பிழை இல்லை என்பதற்கு இதுவே சான்று.

முன்னோக்கு ஆய்லர் வெடிக்காமல் இருக்க ப, 2 ÷ 300 = 0.0067 விநாடிக்குள் இருக்க வேண்டும். ரோ சுழியத்தில் இருந்தால் −350, எல்லை 0.0057. நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டைப் போட்டு ரோ −0.07 ஆனால் −3,850, எல்லை 0.0005 விநாடி. உலையை நிறுத்தும் கணக்குதான் மெதுவானது என்று நினைத்து அங்கே படியைப் பெரிதாக்குகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

முன்னோடிகளின் கால அளவு 0.26 விநாடியிலிருந்து 79 விநாடி வரை. உடனடி நியூட்ரானுடையது 3 மில்லி விநாடி. இப்படி வேகமும் மந்தமும் ஒரே தொகுதியில் கலந்தால் அதை விறைப்பான சமன்பாடு என்பார்கள். நமக்கு வேண்டியது மந்தமான பகுதி, படியின் அளவைத் தீர்மானிப்பதோ வேகமான பகுதி.

தீர்வு பின்னோக்கு ஆய்லர். வேகத்தைப் படியின் தொடக்கத்தில் அல்ல, முடிவில் எடுங்கள். 7 தெரியாத எண்கள், ஆகவே 7 × 7 அணி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. ஒவ்வொரு முன்னோடியும் நியைத் தவிர வேறெதோடும் பிணைந்தில்லை என்பதால் எல்லாம் ஒரே வகுத்தலில் சுருங்கிவிடும்:

கீழெண் = 1 − (ப ÷ த) × (ரோ − கூட்டல்(பீ[க] ÷ (1 + சி[க] × ப)))
மேலெண் = பழைய நி + ப × கூட்டல்(சி[க] × பழைய மு[க] ÷ (1 + சி[க] × ப))
புதிய நி = மேலெண் ÷ கீழெண்
புதிய மு[க] = (பழைய மு[க] + ப × (பீ[க] ÷ த) × புதிய நி) ÷ (1 + சி[க] × ப)

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முன்னோடியை முதலில் புதுப்பித்துவிட்டால் கணக்கு கெடும். ரோ நேரத்தோடு மாறினால் படியின் முடிவில் உள்ள ரோவை இடுங்கள்.

தொடக்க மதிப்பு: மு[க] = பீ[க] ÷ (சி[க] × த). உங்கள் தரவுக்கு 1,047, 2,352, 572, 458, 32, 2.35. நி 1 ஆக இருக்கும்போது முன்னோடிகள் மொத்தம் ஏறத்தாழ 4,463. உலையின் நினைவு முழுவதும் அந்த 4,463-இல்தான் இருக்கிறது. இதைச் சுழியமாக விட்டுத் தொடங்கினால், ரோ சுழியமாகவே இருந்தாலும் நி 0.02 விநாடிக்குள் ஆயிரத்தில் சில பங்காகச் சரியும். அப்படி ஒரு சரிவைப் பார்த்தால் முதலில் இந்த வரியைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்று. பின்னோக்கு ஆய்லரின் துல்லியம் போதவில்லை என்று சிலர் சரிவக முறைக்கு, அதாவது தொடக்க வேகம், முடிவு வேகம் இரண்டின் சராசரிக்கு, மாறுவார்கள். அது வெடிக்காது, ஆனால் அதிரும். உங்கள் ரோவுக்கு ப = 0.1 என்றால் உடனடி விலகல் ஒவ்வொரு படியிலும் (1 − 15) ÷ (1 + 15) = −0.875 மடங்கு. 10 படி கழித்தும் கால்பங்கு அதிர்வு மிச்சம் இருக்கும். முதல் சில படிகளைப் பின்னோக்கு ஆய்லரில் போட்டு அதிர்வை அடக்கிவிட்டுச் சரிவக முறைக்கு மாறினால் நன்றாக வேலை செய்யும்.

பல மணி நேரக் கணக்குக்கு: செனான்-135 அரை ஆயுள் 9.14 மணி, அதன் தாய் அயோடின்-135 அரை ஆயுள் 6.57 மணி. அந்த அளவில் உடனடி நியூட்ரானைப் பின்தொடர்வதில் பொருளில்லை. நி = த × கூட்டல்(சி[க] × மு[க]) ÷ (பீ − ரோ) என்று உடனடிப் பகுதியைச் சமநிலையில் வைத்துவிடுங்கள். ரோ, பீயின் பாதிக்குள் இருக்கும்வரை இது நம்பகமானது. பீயை நெருங்கினால் வகுக்கும் (பீ − ரோ) சுழியமாகி உடைந்துவிடும். நிலையான ஆற்றலில் செனானை மட்டும் பார்ப்பதென்றால் அதுகூட வேண்டாம். ஆற்றலைக் கொடுத்துவிட்டு, செனான் தின்கிற ரியாக்டிவிட்டியை 1 நிமிடப் படியில் கணக்கிட்டால் போதும்.


பதில்: தண்டு_நிலை

சோதிப்பது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வைத்திருக்கும் இந்தத் தரவுத் தொகுதி, இந்தச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைகளை ஒப்பிட ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவது. ரோவை ஒரே தாவலாகக் கொடுத்தால் வர வேண்டிய விடைகள்:

ரோ 0.003: 1 விநாடியில் 2.2098, 10 விநாடியில் 8.0192, 20 விநாடியில் 28.297
ரோ 0.0055: 0.1 விநாடியில் 5.2100, 2 விநாடியில் 43.025, 10 விநாடியில் 1,38,860
ரோ 0.007: 0.01 விநாடியில் 4.5088, 0.5 விநாடியில் 5,345.9
ரோ 0.008: 0.01 விநாடியில் 6.2029, 0.1 விநாடியில் 1,410.4

கடைசி இரண்டும் உலையில் நடக்கிற சங்கதி அல்ல. எரிபொருள் சூடாவதால் வரும் எதிர்விளைவு எதுவும் இல்லாத கணக்கு அது. தீர்வு முறையைச் சோதிக்க மட்டும்.

இந்த எண்களோடு ஒப்பிடுவதற்கு முன்னால் காகிதத்தில் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு, அவற்றை விட்டுவிட வேண்டாம். ரோ பீக்குச் சமமாக இருந்தால் முதல் உறுப்பு சுழியம். மிச்சம் கூட்டல்(சி × மு), தொடக்கத்தில் அது 350. ஆகவே 0.01 விநாடியில் நி = 1 + 3.5 = 4.5. அட்டவணை 4.5088 என்கிறது. அந்த 0.0088, இடையில் புதிதாகப் பிறந்த முன்னோடிகளின் பங்கு. உங்கள் நிரல் இங்கே 4.4 என்றோ 4.7 என்றோ சொன்னால் முன்னோடித் தொடக்க மதிப்பில் பிழை.

அடுத்தது பீரியட், அதாவது நி 2.718 மடங்காக எடுக்கும் நேரம் (1 ÷ ஏற்ற வேகம்). ரோ மாறாமல் இருந்தால் கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் ஒரே அடுக்கில் ஏறும். அந்த ஏற்ற வேகத்தை ஏ என்று வைத்தால்:

ரோ = த × ஏ + கூட்டல்(பீ[க] × ஏ ÷ (ஏ + சி[க]))

இதுதான் இன்அவர் சமன்பாடு. ரோ 0.003-க்கு ஏ = 0.1235, பீரியட் 8.1 விநாடி. ரோ 0.0055-க்கு ஏ = 1.01, பீரியட் 1 விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ இரு மடங்கு ரோவுக்குப் பீரியட் 8-இல் 1 பங்காகிவிடுகிறது பாருங்கள். உங்கள் விடையின் இயல்மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்து சாய்வை எடுங்கள். 20 விநாடிக்குள் சாய்வு 0.1235-ஐவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியும். அது பிழையல்ல, இறங்கிக்கொண்டிருக்கும் மந்தமான பகுதிகள் மைனஸ் குறியோடு கலந்திருப்பதால் வருவது. 40, 50 விநாடிக்குப் பிறகு அளந்தால் ஒட்டிவரும்.

பின்னோக்கு ஆய்லர் ஏற்றத்தை எப்போதும் கூட்டியே காட்டும். கூடுதல் ஏறத்தாழ (ஏ × ஏ × ப × மொத்த நேரம்) ÷ 2. ரோ 0.003, ப 0.01, 20 விநாடி: 0.15 சதவீதம், விடை 28.34 வரும். அதே 0.01 படியோடு ரோ 0.0055-ஐ 10 விநாடி ஓட்டினால் 5 சதவீதத்துக்கு மேல் கூடி, சுமார் 1,46,200 வரும். படி சிறிது என்பது பீரியடோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய பேச்சு.

இதற்கு மலிவான மருந்து உண்டு. ப 0.01-இல் ஒரு முறை, 0.005-இல் ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டாவது சுமார் 1,42,500 தரும். இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 1,38,700-ஐ ஒட்டி வரும். பிழை 5 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதத்துக்குள் இறங்கிவிட்டது.


மறுபதில்: நிரல்வழி

ஒரு வகுத்தல் முறை அப்படியே வேலை செய்கிறது, நன்றி. ரோ 0.003-க்கு ப 0.01-இல் 28.34, ப 0.1-இல் 28.7 வருகிறது.

ஆனால் மைனஸ் இரண்டு இடங்களில் திரும்ப வந்திருக்கிறது. பின்னோக்கு முறை எந்தப் படிக்கும் வெடிக்காது என்று எங்கும் எழுதியிருக்கிறதே என்று ப = 10 விநாடி போட்டேன், முதல் படியிலேயே மைனஸ். இரண்டாவது, தண்டுகள் விழுவதைப் பார்க்க ரோ −0.07 கொடுத்து, ஒப்பீட்டுக்காகச் சைபையின் (பைத்தானின் அறிவியல் நிரல் தொகுப்பு) சால்வ்-ஐவிபியிலும் ஓட்டினேன். முதலில் 0.091-க்கு விழுந்து அழகாக இறங்குகிறது. 1 மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுழியத்தைச் சுற்றி மேலும் கீழும் அலைகிறது.


பதில்: அரை_ஆயுள்

முதலாவதில் ஒரு அழகான உண்மை ஒளிந்திருக்கிறது. கீழெண் எப்போது சுழியமாகும் என்று எழுதிப் பாருங்கள்:

ரோ = த ÷ ப + கூட்டல்(பீ[க] ÷ (1 + சி[க] × ப))

இதில் ஏ = 1 ÷ ப என்று வைத்தால் தண்டு_நிலை மேலே எழுதிய இன்அவர் சமன்பாடு அப்படியே வருகிறது. அதாவது காலப்படி உலையின் பீரியடுக்குச் சமமாகும் கணத்தில் கீழெண் சுழியம். அதைத் தாண்டினால் மைனஸ். உங்கள் பீரியட் 8.1 விநாடி, படி 10 விநாடி. கீழெண் ஏறத்தாழ −130.

எந்தப் படிக்கும் வெடிக்காது என்ற பேச்சு, இறங்குகிற கணக்குக்குச் சொன்னது. ஏறுகிற கணக்கில் படி பீரியடில் சிறு பங்காக இருக்க வேண்டும். 50-இல் 1 பங்கு என்பது நல்ல தொடக்கம். கீழெண் சுழியமோ மைனஸோ ஆனால் படியைப் பாதியாக்கித் திரும்பச் செய் என்று நிரலில் ஒரு வரி போட்டுவிடுங்கள். தண்டு நகரும்போது ரோ திடீரென ஏறும் இடங்களில் அது காப்பாற்றும்.

இரண்டாவதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. சால்வ்-ஐவிபி எந்த முறையும் சொல்லாவிட்டால் வெளிப்படையான ருங்கே-குட்டா முறையை எடுக்கும். விறைப்பான கணக்கில் அது லட்சக்கணக்கான சின்னப் படிகளாக நொறுங்கும். ராடாவ் அல்லது பிடிஎஃப் (இரண்டும் பின்னோக்கு வகை முறைகள்) என்று கேளுங்கள். மேட்லாப் என்றால் ஓடிஇ15எஸ். அடுத்து அதன் முழுப்பிழை வரம்பு இயல்பாக 0.000001. நி அதைவிடச் சிறிதானதும் அது எதைத் தந்தாலும் சரி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. வரம்பை நிக்குத் தனியாக, முன்னோடிகளுக்குத் தனியாக ஒரு பட்டியலாகக் கொடுக்கலாம். ஒன்று 1, மற்றது 2,352 என்று இருக்கும்போது ஒரே வரம்பு போடுவது எப்படியும் சரியில்லை. இன்னொரு பழக்கம்: ரோ தாவும் நேரத்தில் கணக்கை நிறுத்தி, அந்த மதிப்புகளிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். தானாகப் படி மாற்றும் முறைகள் குறுகிய துடிப்பு ஒன்றைத் தாண்டிக் குதித்துவிடக்கூடும்.

ஆனால் வரம்பைச் சரிசெய்தாலும் கிடைக்கும் விடை உலையில் இல்லாத ஒன்று. மிக மந்தமான குழுவின் கால அளவு 79 விநாடி. 1 மணி நேரத்தில் நி 10-இன் −22-ஆம் அடுக்குக்கும் கீழே போகும். நிஜ உலையில் யுரேனியம், கியூரியம் போன்றவற்றின் தானியங்கிப் பிளவும், தொடக்க மூலமும் நியூட்ரானைத் தந்துகொண்டே இருக்கும். முதல் சமன்பாட்டில் மூலம் என்று ஒரு உறுப்பு சேருங்கள். மேலெண்ணில் ப × மூலம் கூடும், அவ்வளவே. அப்போது நி, மூலம் × த ÷ 0.07 என்ற அளவில் போய் நிற்கும். ரோ சுழியத்தை நெருங்க நெருங்க அந்த அளவு உயரும், அதை அடைய எடுக்கும் நேரமும் நீளும். தொடக்கத்தில் தண்டை ஒரு படி தூக்கியதும் எண்ணியைப் படிக்காமல் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

அந்த 0.091 சரியானது: 0.007 ÷ 0.077. அதன் பிறகு 10-இல் 1 பங்காக இறங்க கடைசியில் 181 விநாடி, அதாவது 3 நிமிடம் ஆக வேண்டும். தண்டை இன்னும் எத்தனை ஆழம் இறக்கினாலும் அதைவிட வேகமாக இறங்காது. உங்கள் நிரல் முதல் நிமிடத்தில் இதைவிட வேகம் காட்டும், சில நிமிடம் கழித்து இங்கே வந்து நிலைக்க வேண்டும்.


பதில்: கனநீர்

எண்முறை சரியாகிவிட்டது. இனி எண்களைப் பற்றி. மேலே உள்ள தொகுதியை எந்த உலைக்கும் போட்டுவிடக் கூடாது.

தாமதப் பங்கு எரிபொருளோடு மாறும். வெப்ப நியூட்ரான் பிளவில் யுரேனியம்-235-க்கு 0.0065, யுரேனியம்-233-க்கு 0.0026-ஐ ஒட்டி, புளுட்டோனியம்-239-க்கு 0.0021. சாதாரண நீர் உலையில் எரிபொருள் எரிய எரிய புளுட்டோனியம் சேர்ந்து மொத்தப் பங்கு இறங்கிக்கொண்டே வரும். அதே 0.003 ரோ, சுழற்சியின் கடைசியில் இன்னும் குறுகிய பீரியட் தரும். பாதுகாப்புக் கணக்கில் எந்தக் கட்டத்துத் தரவு என்று எழுதாத விடைக்கு மதிப்பில்லை.

தலைமுறை நேரம்: சாதாரண நீர் உலையில் நீங்கள் போட்ட 0.00002 விநாடி அளவு. கன நீர் உலையில் 0.0009 விநாடியை ஒட்டி. அங்கே −300 வரவேண்டிய இடத்தில் −7 தான் வரும், ஆகவே முன்னோக்கு ஆய்லர் 0.01 படியில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். அதைப் பார்த்து முறை நல்லது என்று முடிவுகட்டி வேறு உலைக்கு மாற்றும்போது வெடிக்கும். புளுட்டோனியம் எரிக்கும் வேக ஈனுலைக்கு 0.0000004 விநாடி, தாமதப் பங்கு 0.0035 என்று வைத்தால் −8,750. முன்னோக்கு ஆய்லருக்கு எல்லை 0.00023 விநாடி. ஒரு வகுத்தல் முறைக்கு மூன்றும் ஒன்றே.

கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற கன நீர் உலைகளுக்கு ஆறு குழு போதாது. 2.225 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட காமா கதிர் டியூட்டீரியத்தை உடைத்து நியூட்ரானை வெளியே தள்ளும். பிளவுத் துண்டுகள் இந்தக் காமாவை நாள்கணக்கில் தந்துகொண்டிருக்கும். மிக மந்தமான குழுவின் அரை ஆயுள் 12.8 நாள். இவற்றுக்கென 9 குழு சேர்ப்பது வழக்கம். பங்கு மிகச் சிறிது, ஏறும்போது பெரிதாகத் தெரியாது. நிறுத்திய பிறகு வால் முழுவதும் இவற்றுடையதுதான். உங்கள் நிரலில் பட்டியலை 6-லிருந்து 15 ஆக நீட்டினால் போதும். சுழல் 1 முதல் 6 என்று எண்ணாக எழுதியிருந்தால் பட்டியல் நீளம் என்று மாற்றிவிடுங்கள்.

அலகுகளில் வரும் குழப்பம் சொல்லி மாளாது. 1 பிசிஎம் என்பது 0.00001. கன நீர் உலைக்காரர்கள் சொல்லும் 1 மில்லி-கே என்பது 0.001. 1 டாலர் என்பது ஒரு பீ. ரோ = (பெருக்கக் காரணி − 1) ÷ பெருக்கக் காரணி. பெருக்கக் காரணியிலிருந்து 1-ஐக் கழித்து அப்படியே போடுவது சுழியத்தை ஒட்டி இருக்கும்வரை தெரியாது, 0.93 இருக்கும் இடத்தில் −0.07-க்குப் பதில் −0.0753 வர வேண்டும்.

எதிர்விளைவு சேர்க்காமல் ஆற்றல் 28 மடங்கானது என்று எழுதுவதற்குப் பொருள், உலை கிட்டத்தட்ட சுழிய ஆற்றலில் இருக்கிறது என்பதே. ஆற்றலில் இருக்கும் உலையில் எரிபொருள் சூடானதும் டாப்ளர் விளைவு (சூடான எரிபொருள் கூடுதல் நியூட்ரானை விழுங்குவது) ரோவை இழுத்துப் பிடிக்கும். சாதாரண நீர் உலையில் 1 பாகைக்கு −2 முதல் −4 பிசிஎம் அளவு. எரிபொருள் வெப்பநிலைக்கு ஒரு வரி சேருங்கள்: வெப்பநிலை மாறும் வேகம் = (பிறக்கும் வெப்பம் − வெளியேறும் வெப்பம்) ÷ வெப்பக் கொள்ளளவு. ரோ = தண்டு தந்த ரோ + கெழு × (வெப்பநிலை − தொடக்க வெப்பநிலை). இப்போது ரோவும் நியும் ஒன்றையொன்று சார்ந்துவிட்டன, ஒரு வகுத்தல் நேராகப் பொருந்தாது. முந்தைய படியின் வெப்பநிலையை வைத்து ரோவைக் கணித்து, நியைக் கண்டு, வெப்பநிலையைப் புதுப்பித்து, அதே படியை இன்னொரு முறை செய்தால் பெரும்பாலும் போதும்.

இதைச் சோதிக்க ஒரு வழி: வெப்பம் வெளியேறுவதை அடைத்துவிட்டு, ரோவைப் பீயைவிட 0.001 கூடுதலாக ஒரே தாவலாகக் கொடுங்கள். கெழு −3 பிசிஎம் என்றால் துடிப்பு எழுந்து தானே அணையும், வெப்பநிலை 2 × 0.001 ÷ 0.00003 = 67 பாகை ஏறி நிற்கும், ஆற்றலின் உச்சம் அதன் பாதியில், 33 பாகையில் வரும். தாமத நியூட்ரானை விட்டுவிட்ட கணக்கு இது, ஆகவே உங்கள் விடை துடிப்பின் முடிவில் சற்றுக் கூடுதலாக இருக்கும். தலைமுறை நேரத்தை மாற்றிப் பார்த்தால் துடிப்பு அகலமோ குறுகலோ ஆகும், 67 கிட்டத்தட்ட அசையாது. அசைந்தால் வெப்பநிலை வரியில் பிழை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்டு விழுந்த பிறகு நி என்பது ஆற்றல் அல்ல. நீண்ட நாள் முழு ஆற்றலில் ஓடிய உலையை நிறுத்தியதும் சிதைவு வெப்பம் 6 முதல் 7 சதவீதம். 1 மணி நேரம் கழித்தும் 1 சதவீதத்துக்கு மேல். நியூட்ரான் வரைபடத்தைக் காட்டி உலை குளிர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.


மறுபதில்: நிரல்வழி

மூலம், 15 குழு, டாப்ளர் மூன்றும் சேர்த்தாயிற்று. 67-க்கு 69 வருகிறது. கடைசியாக ஒன்று. தண்டு விழும்போது அளந்த நியூட்ரான் பதிவு கையில் இருந்தால், இதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுத் தண்டின் ரோவைக் கண்டுபிடிக்க முடியுமா?


பதில்: தண்டு_நிலை

முடியும், அளவீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள். முதல் சமன்பாட்டில் ரோவைத் தனியே எடுங்கள்:

ரோ = பீ + த × (நி மாறும் வேகம் ÷ நி) − த × (கூட்டல்(சி[க] × மு[க]) + மூலம்) ÷ நி

முன்னோடிகளை அளந்த நியை வைத்து, மேலே அரை_ஆயுள் தந்த நான்காவது வரியால் புதுப்பித்துக்கொண்டே போனால் போதும். இங்கே தீர்க்க ஒன்றுமில்லை, விறைப்பும் இல்லை.

தொல்லை வருவது நடு உறுப்பில். அளந்த பதிவில் இரைச்சல் இருக்கும், அதன் வேகத்தை எடுத்தால் இரைச்சல் பல மடங்காகும். சாதாரண நீர் உலையில் அந்த உறுப்பைத் துணிந்து விட்டுவிடலாம். 8.1 விநாடிப் பீரியடில் அதன் அளவு 0.25 பிசிஎம். தண்டு விழும் 2 விநாடியில் நி 10-இல் 1 பங்காகிறது என்று வைத்தாலும் 2.5 பிசிஎம்மைத் தாண்டாது. நாம் தேடுவது 7,000 பிசிஎம். கன நீர் உலையில் அதே இடத்தில் 100 பிசிஎம் வரும், அங்கே விடக் கூடாது. பதிவை முதலில் மென்மையாக்கி வேகத்தை எடுங்கள்.

தண்டு விழுவதற்கு முன் ஆற்றல் குறைந்தது 6 நிமிடமாவது அசையாமல் இருந்த பதிவு வேண்டும். 79 விநாடிக் குழு சமநிலைக்கு வர அவ்வளவு ஆகும். கொஞ்ச நேரம் முன்னால் ஆற்றலை மாற்றியிருந்தால் சமநிலைத் தொடக்க மதிப்பு பொய், அதிலிருந்து வரும் ரோவும் பொய். அப்படியானால் அந்த மாற்றத்துக்கு முன்னாலிருந்தே பதிவைச் சேர்த்துக் கணக்கை ஓட்டுங்கள்.

விடையை வரைந்து பாருங்கள். தண்டு அடியைத் தொட்ட பிறகு ரோ தட்டையான கோடாக நிற்க வேண்டும். மெல்ல மேலே, சுழியத்தை நோக்கி, ஏறிக்கொண்டே போனால் அயனி அறையின் (நியூட்ரானை அளக்கும் உணரி) காமாப் பின்னணியையோ மூலத்தையோ கழிக்கவில்லை என்று பொருள். நி இறங்க இறங்க அந்த நிலையான மிச்சம் பெரிதாகத் தெரிகிறது. தட்டையாகவே இருந்தும் எதிர்பார்த்ததைவிட மாறி நின்றால் உணரி இருக்கும் இடத்தைப் பாருங்கள். விழுந்த தண்டுக்குப் பக்கத்தில் உள்ள உணரி அதன் நிழலில் இருக்கும், எதிர்ப்பக்கத்து உணரியைவிடப் பெரிய வீழ்ச்சியைச் சொல்லும். இங்கே மையத்தை ஒரு புள்ளியாக எடுத்ததன் எல்லை வந்துவிடுகிறது. மையத்தைச் சுற்றி உள்ள நாலைந்து உணரிகளுக்கும் தனித்தனியாக இதே கணக்கைப் போட்டு, அவை எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். விலகல் சில சதவீதம் என்றால் சராசரி போதும். அதற்கு மேல் போனால் மையத்தைக் கட்டங்களாகப் பிரித்து நியூட்ரான் பரவலைக் கணக்கிடும் நிரலில் தண்டுக்கு முந்தைய, பிந்தைய வடிவங்களை எடுத்து ஒவ்வொரு உணரிக்கும் திருத்தக் காரணி போட வேண்டும்.